அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு

அந்த ரொட்டிக்காரர் ரொட்டி சுடும் வாசனை கிளம்பினால் ஆகாயத்தில் போகிற விமானம் கடைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் போகும். கடலில் மீன்கள் வரிசை கட்டிக்கொண்டு கரைப் பக்கம் வரும். ராஜாக்கள் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் கடை வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றிருக்கிறார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சில்லறையா இருந்தா குடுங்க, இல்லேன்னா நகருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

இதில் பாதி பொய். மிச்சப் பாதி அதைவிடப் பெரிய பொய். ஆனால் ரொட்டி நல்ல ரொட்டி, அதில் சந்தேகமே இல்லை. பொய் இருந்த இடம் வேறு. அது பின்னறை அலமாரியின் மேல்தட்டில், ஈரத்துணி போட்டு மூடிய ஒரு ஜாடிக்குள் இருந்தது.

கடை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன இடம் அது. முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் விரிசலுக்கு ஒட்டுநாடா. பின்னால் அடுப்பு, மாவு மூட்டை, நடுவில் ஒரு மரமேஜை. மேஜையில் அவர் முழங்கை ஊன்றி ஊன்றியே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முன்கையில் ஒரு முடி கிடையாது, அத்தனையும் அடுப்புக்குப் போய்விட்டது. கண்ணிமையில் எப்போதும் மாவு. அவர் கண் சிமிட்டினால் லேசாகத் தூறும்.

ஜாடிக்குள் இருந்தது தாய்மாவு. கடையில் வாங்குகிற ஈஸ்ட்டை அவர் தொடமாட்டார். தினமும் பிசைகிற மாவை உப்பவைக்க நேற்றைய மாவில் ஒரு உருண்டை வேண்டும். நேற்றையதற்கு முந்தாநாள் உருண்டை. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். தீனி போட்டால் பொங்கும், மறந்தால் சோர்ந்து படுத்துக்கொள்ளும். ஒரு சொல் பேசாத குறைதான், மற்றபடி உயிருள்ள ஜீவன். அவர் ரொட்டியின் ருசி அத்தனையும் அதிலிருந்து வந்தது. "எங்கே புடிச்சீங்க இந்த மாவை?" என்று யாராவது கேட்டால், திராட்சைத் தோலை ஊறப்போட்டுத் தானே வளர்த்ததாகச் சொல்லுவார். சொல்லும்போது ஜாடி இருக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்ளுவார்.

அவர் போகிற கிறிஸ்தவ சபைக்கு, ஆராதனையில் எல்லாரும் பகிர்ந்து உண்ணும் திருவிருந்து ரொட்டியும் அவர்தான் சுட்டுக் கொடுப்பார், இலவசமாக. சபை ஒரு இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, கண்ணாடியின் காதுக்கம்பி உடைந்து நூல் கட்டியிருக்கும் போதகர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் துண்டைத் தானே பிய்த்துக்கொள்ளக் கூடாது. முழு ரொட்டி கை மாறிக் கை மாறி வரும். பக்கத்திலிருப்பவர் பிய்த்து உங்கள் உள்ளங்கையில் வைத்து, "உனக்காக" என்பார். நீங்கள் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்குப் பிய்த்துக் கொடுப்பீர்கள். அதாவது அந்த மேஜையில் எடுத்துக்கொள்ள முடியாது, வாங்கிக்கொள்ளத்தான் முடியும்.

ரொட்டிக்காரர் வாங்கியதே இல்லை. ரொட்டி முதல் வரிசையிலிருந்து கிளம்பியதும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். "அடுப்பை அணைச்சேனான்னு சந்தேகமா இருக்கு. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்." படியிறங்கித் தெருமுனை வரைக்கும் போய், கடைசிப் பாட்டு கேட்கும்போது திரும்பி வருவார். சபையார் இதைக்கூடப் பாராட்டினார்கள். என்ன பொறுப்பான மனுஷன் பாருங்கள்!

விஷயம் இதுதான். அந்தத் தாய்மாவு அவருடையது இல்லை. அவருடைய அக்காவுடையது.

ஒரு காலத்தில் அக்காதான் ரொட்டிக்கடை வைத்திருந்தார். கல்லாவில் அக்கா வீட்டுக்காரர், இவருக்கு அத்தான். மாவு பிசைய இவர். அக்கா கல்யாணமான புதிதில் உண்டாக்கிய தாய்மாவு அது. அதற்கு மகாராணி என்று பெயர் வைத்து, பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிற கவனத்தோடு வளர்த்தார். ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருத்தர், "ரொட்டி பிரமாதம்ப்பா!" என்று இவர் தோளைத் தட்டினார். அக்கா உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே, "அவனையா சொல்றீங்க? எல்லாம் மகாராணி பண்ற வேலை. அவன் வேலைக்கு ரெண்டு கை போதும், தலைகூட வேண்டாம்" என்றார். கடையே சிரித்தது. இவரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

மறுநாள் காலை, யாரும் இல்லாத நேரத்தில், தன் சாப்பாட்டு டப்பாவில் ஒரு உருண்டை மகாராணியை எடுத்து வைத்துக்கொண்டார். அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. அத்தான் டீ போடுவதற்காகக் கொதிக்கவைத்த கெட்டில் பக்கத்தில் இருந்தது. அதைத் தூக்கி, மிச்சமிருந்த மகாராணியின் தலையில் அப்படியே கவிழ்த்தார். மாவு வெந்து கூழாகிவிட்டது. "எனக்குத் தனியா பிழைக்கத் தெரியும்" என்று வாசலில் எதிர்ப்பட்ட அக்காவிடம் ஒரு வசனம் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பழி யார் தலையில் விழுந்தது? அத்தான் தலையில். அத்தான் டீயில் உப்பைப் போட்டு, உப்பு ஜாடிக்குள் டீயை ஊற்றிப் பழகினவர். ஒருமுறை வீட்டுச் சாவியை அடுப்பில் வைத்துச் சுட்டிருக்கிறார். அதனால் யாரும் அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னாலேயே, "நான்தான் கெட்டிலை மாத்திக் கவிழ்த்திருப்பேன். வேற யாரு இப்படிப் பண்ணுவா?" என்று அவரே ஒப்புக்கொண்டார். அக்கா புதிதாக மாவு வளர்த்துப் பார்த்தார், பழைய ருசி வரவில்லை. ரொட்டியை நிறுத்திவிட்டு பிஸ்கட்டும் ரஸ்க்கும் போட ஆரம்பித்தார். "உன்கூட ஒரு துளியாவது ஒட்டிக்கிட்டு வந்துச்சாடா?" என்று தம்பியைக் கேட்டார். அப்போதுதான் அந்தத் திராட்சைத் தோல் கதை பிறந்தது.

அதற்கப்புறம் குடும்பம் கூடிச் சாப்பிடும்போதெல்லாம், "கெட்டிலை இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க. ஒரு கொலை பண்ணினது போதும்" என்று அக்கா சொல்வதும், எல்லாரும் சிரிப்பதும், அத்தான் அசடு வழிவதும் வழக்கமாகிவிட்டது. ரொட்டிக்காரர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அத்தான் அந்தக் கொலையை ஆண்டவரிடம் சொல்லி மன்னிப்பும் வாங்கியாயிற்று. செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒரு மனுஷன் சுகமாகக் குறட்டை விட்டார். செய்த மனுஷன் புரண்டு புரண்டு படுத்தார். ரொட்டிக்காரர் ஜெபம் பண்ணாமல் இல்லை. நீளநீளமாகப் பண்ணுவார். "என் குறைகளை மன்னியும் ஆண்டவரே" என்பார். குறை என்ன என்று மட்டும் சொல்லமாட்டார், ஆண்டவர் பக்கத்து வீட்டில் போய் விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது போல. அதற்குப் பதிலாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரிக்கு பன், சபைக்கு ரொட்டி, அக்கா கடைக்கு மூட்டை தூக்கக் கூலியில்லாத முதுகு. பாவம் வளரும் என்று போதகர் பிரசங்கம் பண்ணினால் மற்றவர்கள் சும்மா தலையாட்டுவார்கள். அவருக்கு அது கண்ணால் பார்த்த சங்கதி. காலையில் பாதி ஜாடி இருக்கும், மத்தியானம் மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அக்காவும் அத்தானும் கடைக்கு வந்தார்கள்.

"தம்பி, உன் மாவுல ஒரு உருண்டை குடேன். மறுபடியும் ரொட்டி போடலாம்னு இருக்கேன். பிஸ்கட் சுட்டுச் சுட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

ரொட்டிக்காரர் கையிலிருந்த தட்டு சாய்ந்து, பன் எல்லாம் உருண்டு ஓடின. "என் மாவா? அது உனக்கு ஒத்து வராதுக்கா. முரட்டு மாவு."

"முரட்டுப் பயல் உன்னையே வளர்த்தவ நான். மாவு என்ன பண்ணிடும்?"

"பயப்படாதே மாப்ளே," என்றார் அத்தான், தரையில் உட்கார்ந்து பன்களைப் பொறுக்கியபடி. "நான் கிட்டவே போகமாட்டேன். கெட்டிலைச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பில கட்டிட்டேன்."

"நாளைக்குத் திருவிருந்து முடிஞ்சதும் வாங்கிக்கறேன்," என்றார் அக்கா. "போதகர்கிட்டயும் சொன்னேன். இவ்ளோ தாராளமா குடுக்கிற தம்பிக்குச் சபையிலேயே ஒரு நன்றி சொல்லிடலாம்னார்."

சொல்லிவிட்டுத் தம்பி முகத்தை ஒரு விநாடி கூடுதலாகப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறான் என்று காத்திருப்பது போல. தம்பி குனிந்து பன் பொறுக்கினார்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார். திருடின பொருளைத் தானமாகக் கொடுத்து, அதற்குக் கைதட்டலும் வாங்கவேண்டும். அதற்கு ஒரே மாற்று வழிதான் தெரிந்தது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்தார். ஜாடியை இறக்கித் துணியை எடுத்தார். மாவு செத்துப்போச்சுக்கா என்றால் தீர்ந்தது. கெட்டிலைச் சாய்த்தார். ஆவி மேலே பட்டதும் மாவில் ஒரு குமிழி எழும்பி, புளுக் என்று உடைந்தது. அவ்வளவுதான். அதே வெந்நீர், அதே மாவு, அதே கை. அன்று செய்தவன் எங்கும் போகவில்லை, இதோ இங்கேயே நிற்கிறான் என்று அவருக்குத் தெரிந்தது. கெட்டிலைக் கீழே வைத்தார். மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை, கொல்லவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டியைச் சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அக்காவும் அத்தானும் அவர் வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். போதகர் நூல் கட்டின கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது நல்லவங்களுக்குப் போட்ட மேஜை இல்ல. அப்படின்னா முதல்ல நான் வெளியே போகணும், அப்புறம் பாடற குழு மொத்தமும் போகணும்." பாடகர் குழு முறைத்தது. "நம்ம பாவத்தை நாமே சுமந்து தீர்க்க முடியாது. சுமக்கவேண்டியவர் சிலுவையில சுமந்து முடிச்சிட்டார். இங்கே யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம். கையை மட்டும் காலியா நீட்டுங்க, போதும்."

ரொட்டிக்காரர் தன் கையைப் பார்த்தார். இத்தனை காலமும் ஆண்டவருக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தவர் அவர். ஆண்டவரிடம் வாங்கிக்கொள்ள ஒருநாளும் கையை நீட்டினதில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? பாட்டோடு ரொட்டி கிளம்பியது. கைக்குட்டை வெளியே வந்தது.

"அடுப்பை அணைச்சேனான்னு…"

அத்தான் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"நீ உக்காரு மாப்ளே. ஒவ்வொரு தடவையும் பாவம், நீயே ஓடற. இன்னிக்கு உனக்குப் பதிலா நான் போறேன். நீ உக்காந்து சாப்பிடு. சாவியைக் குடு."

சொல்லிவிட்டு உண்மையாகவே எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

ரொட்டிக்காரருக்கு உள்ளே ஏதோ ஒன்று பொலபொலவென்று உதிர்ந்தது. பழியைச் சுமந்த அதே மனுஷன், ஒரு தப்பும் செய்யாதவர், அணைந்துபோன அடுப்பைப் பார்க்க இவருக்குப் பதிலாகத் திருவிருந்தை விட்டுவிட்டுப் போகிறார். இதையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அவர் அன்றைக்குப் பண்ணின ஜெபம் அவருடைய வாழ்நாளிலேயே சின்ன ஜெபம். திருடினேன், கொன்னேன், பொய் சொன்னேன், மன்னியும் ஆண்டவரே. முதல்முறையாகக் குறைக்குப் பெயர் சொல்லிவிட்டார். வெட்கம் வந்து அமுக்கும் என்று பயந்திருந்தார். வந்தது வேறு. முதுகிலிருந்து மாவு மூட்டையை யாரோ இறக்கிவிட்டது போல, தோள் தானாக மேலே எழுந்தது. கூடவே ஆளும் எழுந்துவிட்டார்.

"அத்தான், நில்லுங்க! அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு. எப்பவுமே அணைஞ்சுதான் இருந்துச்சு."

பாட்டு நின்றது. ரொட்டி யாரோ ஒருவர் கையில் நின்றது.

"அக்கா, என் ஜாடியில இருக்கிறது மகாராணி. நான் திருடிட்டுப் போனது."

அக்கா அசையவில்லை. "தெரியும்டா."

"தெரியுமா?"

"நீ முதல்முதல்ல சபைக்கு ரொட்டி சுட்டியே, அன்னிக்கே தெரியும். நான் வளர்த்த மாவு என் நாக்குக்குத் தெரியாதா? இதே நாற்காலியில உக்காந்துதான் உன்னை மன்னிச்சேன். நீயா சொல்லுவே சொல்லுவேன்னு பார்க்கறேன், நீ அடுப்பைப் பார்க்க ஓடறே. நேத்துகூட வழி பண்ணிக் குடுத்தேன். பன் பொறுக்கறே!"

சபை சிரித்துவிட்டது. இந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கலாம். சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் பெயர் சொன்ன மூன்றில் ஒன்று மிச்சம் இருந்தது, மூன்றிலும் கனமானது.

"இன்னும் இருக்குக்கா. மிச்ச மாவுல வெந்நீர் ஊத்தினது அத்தான் இல்ல. நான்."

சிரிப்பு பட்டென்று நின்றது. இது அக்காவுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா மெதுவாக எழுந்தார். மின்விசிறி மட்டும் கிறீச், கிறீச்.

வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்ற அத்தான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அப்போ… நான் கொல்லலையா?"

"இல்ல அத்தான்."

"நிச்சயமா?"

"சத்தியமா நீங்க இல்ல."

"நான் கொல்லலையாம்!" அத்தான் முன்வரிசை வரைக்கும் ஓடிவந்தார். "கேட்டீங்களா எல்லாரும்? போதகரே, கேட்டீங்களா? அந்தக் கெட்டிலை இன்னிக்கே அவுத்துவிடப் போறேன்!" ஓடிவந்த வேகத்தில் ரொட்டிக்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை, ரொட்டிக்காரர் கனம் அப்படி. இரண்டு பேரும் நாற்காலியோடு சாய்ந்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. தம்பி எழுந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இப்ப உன்னை ரொட்டிப் பலகையால நாலு சாத்து சாத்தணும்போல இருக்கு."

"சாத்துக்கா."

"இந்த மனுஷனை எத்தனை தடவை சொல்லிக் காமிச்சிருக்கேன்! நீ பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தியே." குரல் உடைந்தது. "திருடினதை மன்னிச்சது எனக்கு லேசா இருந்துச்சுடா. இது லேசா இல்ல." பிறகு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "நானும் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"நீ கேட்டா நான் மயக்கம் போட்டு விழுந்துடுவேன்," என்றார் அத்தான். "எல்லாம் எப்பவோ மன்னிச்சாச்சு. ரொட்டி ஆறிடப் போகுது."

அக்கா கையை நீட்டினார். யாரோ ரொட்டியை அவரிடம் கொடுத்தார்கள். ஓரத்தில், முறுகலாக இருந்த இடத்தில் பார்த்து ஒரு துண்டு பிய்த்தார். தான் மட்டும் அந்த மேஜைக்கு எதைக் கொண்டுவந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, சிலுவைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, தம்பியின் உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டார்.

"உனக்காகடா."

அப்போது நடுவரிசையில் ஒருத்தனுக்கு விடாமல் தும்மல் வந்து கண்ணெல்லாம் நனைந்தது. மாவுத்தூசி ஒத்துக்கொள்ளாத உடம்பு. வேறு ஒன்றும் இல்லை.

ரொட்டிக்காரர் சாப்பிட்டார். மெதுவாக மென்றார். கண்ணீர் மாவோடு சேர்ந்து கன்னத்தில் கோடு கோடாகக் காய்ந்தது. திடீரென்று மெல்லுவதை நிறுத்தினார்.

"அக்கா… உப்பு கம்மியா இருக்கே!"

"எப்பவுமே கம்மிதான். சொல்லலாம்னு பார்த்தா நீ எங்கே இருந்தே?"

அதற்கப்புறம் போதகர் எவ்வளவோ முயன்றும் கூட்டத்தை ஒழுங்காக முடிக்க முடியவில்லை. பாடகர் குழு சிரித்துக்கொண்டே பாடியதில் சுருதி எங்கேயோ போனது. ஆண்டவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மறுநாள் மகாராணி வீடு திரும்பினாள், அதே சாப்பாட்டு டப்பாவில். அக்கா கொஞ்ச நாள் தம்பியிடம் அளந்துதான் பேசினார். மன்னித்துவிட்டாலும் கோபம் ஆறக் கொஞ்சம் நேரம் கேட்கும்போலிருக்கிறது. ஒருநாள் அவரே ஒரு உருண்டையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். "இந்தா. இது நான் குடுக்கிறது. இனிமே யார் கேட்டாலும் அப்படியே சொல்லு." இப்போது அவர் யார் கேட்டாலும் சொல்லுகிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லுகிறார். "திருட்டு ரொட்டி ரெண்டு குடுங்க" என்று சீண்டுகிறவர்களிடம், "திருடினது மன்னிச்சாச்சு, ரொட்டி இன்னிக்குச் சுட்டது" என்று சிரிக்கிறார். பிசையும்போது பாடுகிறார். குரல் கண்றாவி. பக்கத்துக் கடைக்காரர், இந்த ஆள் குற்ற உணர்ச்சியோடு இருந்தபோது தெரு எவ்வளவு அமைதியாக இருந்தது என்று ஏங்குகிறார். அத்தான் கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மகாராணிக்கு முன்னால் வேண்டுமென்றே உலாத்துகிறார். திருவிருந்து ரொட்டியில் உப்பு சரியாக இருக்கிறது. அடுப்பைப் பார்க்க யாரும் ஓடுவதில்லை.

இதையெல்லாம் நான் எழுதி முடித்த தாள்களை ரொட்டிக்காரர் மேஜைப் பள்ளத்தில் முழங்கை ஊன்றிப் படித்தார். விமானம் வட்டம் போடுகிற இடத்தில் தலையாட்டினார். ராஜாக்கள் நிற்கிற இடத்தில், "கொஞ்சம் கம்மியா எழுதியிருக்கே" என்றார். கெட்டில் வருகிற இடத்தில் ஒரு வரியையும் அடிக்கவில்லை. கடைசித் தாள் வரைக்கும் போனவர், இரண்டு தாள் பின்னால் திருப்பி, ஒரு வரியில் மாவு விரலை வைத்தார்.

"ஏன்டா மருமகனே, மாவு இருக்கிறது என் கடையில. மாடியில, சபைக்குள்ள மாவுத்தூசி எங்கேயிருந்துடா வந்துச்சு?"